பேராயரம்மா என்பவர் யார்?

சற்று நீண்ட பதிவு. இறுதிவரை படித்துவிட்டு மறுப்பவர்கள் மறுக்கலாம்.

2025 அக்டோபர் 3 அன்று, கான்டர்பரியின் 106-ஆம் பேராயராகச் சாரா முல்லாலி அறிவிக்கப்பட்டார். இங்கிலாந்தின் தலைமைச் செவிலியராக அரசுப் பொறுப்பு வகித்து, பின்னர் குருப்பட்டம் பெற்று, 2018 முதல் இலண்டன் பேராயராகப் பணியாற்றியவர் அவர். அறிவிப்பு வந்த நாள் முதல் தமிழ்க் கிறித்தவப் பக்கங்களில் மூன்று குரல்களைக் கேட்டு வருகிறேன். முதற்குரல் வாழ்த்துகிறது. இரண்டாவது குரல் கடைசிக் காலத்தின் அடையாளம் என்று சபிக்கிறது. இவ்விரண்டோடும் எனக்கு இன்று வழக்கில்லை. மூன்றாவது குரல் வெகு நிதானமானது, படித்தவர்களுடையது. அது சொல்கிறது: “இதில் நமக்கென்ன புதுமை? இங்கிலாந்து இப்போதுதான் விழிக்கிறது. நாம் 2013-இலேயே நந்தியாலில் ஒரு பெண்ணைப் பேராயராக்கிவிட்டோம்.”

இந்த மூன்றாவது குரலே ஆபத்தானது என்பது என் கருத்து. சபிப்பவர் ஒரு கதவை மூடுகிறார். அது மூடியிருப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பெருமைப்படுபவரோ, மூடிய கதவின் மேல் திறந்த கதவு ஒன்றின் படத்தை மாட்டி வைக்கிறார்.

அந்தப் படத்தில் இருப்பவர் யார் என்பதையாவது முதலில் பார்ப்போம்.

எக்கோனி புஷ்பலலிதா 1956-இல் கர்னூல் மாவட்டத்துத் திகுவபாடு என்னும் சிற்றூரில் பிறந்தவர். ஐதராபாத்தின் ஆந்திரக் கிறித்தவ இறையியல் கல்லூரியில் பயின்று, 1980-களின் தொடக்கத்தில் குருப்பட்டம் பெற்றவர். அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குருத்துவப் பணி. 2013 செப்டம்பர் இறுதியில், நந்தியாலின் பரிசுத்த சிலுவைப் பேராலயத்தில், அந்தத் திருமண்டலத்தின் பேராயராக அருட்பொழிவு பெற்றார். தென்னிந்தியத் திருச்சபையில் அந்த இருக்கையில் அமர்ந்த முதற்பெண் அவரே. அப்போது பிரதமப் பேராயராக இருந்தவர் கன்னியாகுமரித் திருமண்டலத்தின் தேவகடாட்சம் என்பதையும் தமிழர்கள் நினைவிற் கொள்க. ஒரு தமிழ்ப் பேராயர் திருச்சபைக்குத் தலைமை தாங்கிய காலத்தில் நடந்த நிகழ்வு இது. எனவே நமக்குத் தெரியாமல் எங்கோ நடந்துவிட்டது என்று சொல்ல வழியில்லை.

இராயலசீமையில் முப்பது ஆண்டுக் குருத்துவம் என்பதன் பொருளை நகரத்துக் கோயிலில் ஞாயிறு காலை ஆராதனைக்கு மட்டும் செல்பவர்கள் எளிதில் உணரமாட்டார்கள். அங்கே ஒரு சேகரம் என்பது ஒரு கோயிலன்று. தூரந்தூரமாகக் கிடக்கும் பல சிற்றூர்களின் தொகுதி. மழை பொய்த்தால் ஊரில் பாதி வேலை தேடி வெளியேறிவிடும் வறண்ட பூமி. தெலுங்கு நாட்டு ஆங்கிலிக்கன் சபைகள் பெரும்பாலும் மாலா, மாதிகா மக்களால் ஆனவை. நற்கருணை கொடுக்கும் குருவானவரே பல நேரங்களில் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவரும், காவல் நிலையத்துக்கு உடன் செல்பவரும் ஆவார். அத்தகைய நிலத்தில் குருத்துவப் பாதையின் முழு நீளத்தையும் நடந்து ஒரு பெண் பேராயர் இருக்கைக்கு வந்தார் என்பதே செய்தி. ஆனால் என் கண்ணில் பட்ட தமிழ்ப் பதிவுகளில் மிகப் பெரும்பாலானவை அவரைப் பற்றிச் சொல்வது ஒரே ஒரு சொல்லைத்தான்: முதல். அவர் யாருக்குக் குருப்பட்டம் கொடுத்தார், எந்தச் சேகரத்துக்கு யாரை அனுப்பினார், எதில் உறுதியாக நின்றார், எதில் தவறினார் என்று எவரும் கேட்பதில்லை. ஓர் ஆண் பேராயரை அவர் எடுத்த முடிவுகளால் அளக்கிறோம். அவரைத் திட்டும்போதுகூட அவ்வாறே திட்டுகிறோம். ஒரு பெண் பேராயரை அவர் இருந்தார் என்பதோடு முடித்துக்கொள்கிறோம்.

நந்தியாலின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இதில் இன்னொரு வியப்பும் உண்டு. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியன இணைந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது, நந்தியால் பகுதியின் ஆங்கிலிக்கன் சபையாரில் பெரும்பகுதியினர் அதிற்சேர மறுத்தார்கள். பேராயர்களின் கைவைப்பு வரிசை அறுபடாமல் வருவதே குருத்துவத்தின் உயிர் என்பதும், அவ்வரிசைக்கு வெளியே பட்டம் பெற்றவர்களோடு கலப்பது அந்த உயிருக்கு ஊறு என்பதும் அவர்களுடைய வாதம். அவர்கள் கல்கத்தாப் பேராயரின் கீழேயே நின்றார்கள். 1963-இல் தனித் திருமண்டலமானார்கள். 1975-இல்தான் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தார்கள். பேராயர் மரபைக் காப்பதற்காக இருபத்தெட்டு ஆண்டுகள் தனித்து நின்ற அதே மண்ணில்தான் அந்த மரபில் ஒரு பெண் வந்து நின்றார். “மரபு அனுமதிக்காது” என்று இனிச் சொல்ல விரும்புபவர்கள், மரபில் நந்தியாலைவிடக் கண்டிப்பான ஊர் ஒன்றை முதலில் காட்டட்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம். “நாம் முந்திக்கொண்டோம்” என்ற பெருமை கணக்கில் நிற்குமா?

தென்னிந்தியத் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் வழங்கத் தொடங்கியது 1976-இல். இங்கிலாந்து அதைச் செய்தது 1994-இல். இதுவரை பெருமை நியாயமானது. பதினெட்டு ஆண்டுகள் நாம் முந்தினோம். ஆனால் குருப்பட்டத்திலிருந்து பேராயர் இருக்கை வரை உள்ள தொலைவைப் பாருங்கள். அமெரிக்க எபிஸ்கோபல் சபை, 1977 முதல் 1989 வரை, 12 ஆண்டுகள். நியூசிலாந்து, 1977 முதல் 1990 வரை, 13 ஆண்டுகள். ஆஸ்திரேலியா, 1992 முதல் 2008 வரை, 16 ஆண்டுகள். கனடா, 1976 முதல் 1994 வரை, 18 ஆண்டுகள். தென்னாப்பிரிக்க மாகாணம், 1992 முதல் 2012 வரை, 20 ஆண்டுகள். நாம் எள்ளிநகையாடும் இங்கிலாந்து, 1994 முதல் 2015 வரை, 21 ஆண்டுகள். அயர்லாந்து, 1990 முதல் 2013 வரை, 23 ஆண்டுகள். தென்னிந்தியத் திருச்சபை, 1976 முதல் 2013 வரை, 37 ஆண்டுகள்.

வாசலை முதலில் திறந்தவர்களுள் நாம் இருந்தோம். உள்ளறைக்கு அழைத்துச் செல்வதற்கு மட்டும் முப்பத்தேழு ஆண்டுகள் எடுத்துக்கொண்டோம். 1976-இல் குருப்பட்டம் பெற்ற தலைமுறை முழுவதும் பேராயர் ஆகும் வாய்ப்பின்றியே ஓய்வு பெற்றது. அந்தப் பெண்களுள் ஒருவருக்குக்கூடத் தகுதி இல்லை என்று நம்புவதற்கு மிகுந்த விசுவாசம் வேண்டும். அது வேதம் கேட்கும் விசுவாசமன்று.

இங்கிலாந்தில் 2012 நவம்பரில் பெண் பேராயர் தீர்மானம் பொதுநிலையினர் அவையில் ஆறு வாக்குகளில் தோற்றது. அது கசப்பான தோல்வி. ஆனால் அங்கே தோல்விக்கு ஒரு தேதி இருந்தது, எண்ணிக்கை இருந்தது, எதிர்த்து வாக்களித்தவர்கள் யார் என்பதும் தெரிந்தது. ஆதலால் இருபது மாதங்களுக்குள், 2014 சூலையில், அதை மாற்ற முடிந்தது. நம்மிடம் அப்படியொரு தோல்வியே நிகழ்வதில்லை. எவரும் எழுந்து எதிர்ப்பதில்லை. பெருமன்றம் கூடுகிறது, சில பெயர்களைத் தேர்ந்து சினாடுக்கு அனுப்புகிறது, சினாடு அவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்கிறது. பெண்ணின் பெயர் அந்த வழியில் எங்கோ தங்கிவிடுகிறது. எங்கே தங்கியது என்பதற்குக் குறிப்பேடு இல்லை. எதிரி இல்லாத தோல்வியை எவ்வாறு மேல்முறையீடு செய்வது?

தமிழகத்தில் தென்னிந்தியத் திருச்சபைக்கு எட்டுத் திருமண்டலங்கள்: சென்னை, வேலூர், கோயம்புத்தூர், திருச்சி-தஞ்சாவூர், மதுரை-இராமநாதபுரம், திருநெல்வேலி, தூத்துக்குடி-நாசரேத், கன்னியாகுமரி. கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணம் ஒன்று. இந்த ஒன்பதில் ஒன்றிலேனும் இதுவரை ஒரு பெண் பேராயர் அமர்ந்ததில்லை. சாரா டக்கர் பெயரில் பெண்கள் கல்லூரி எழுப்பிய பாளையங்கோட்டையும், தரங்கம்பாடியின் அச்சகத்தைத் தன் வரலாற்றின் முதற்பக்கமாக எழுதிக்கொள்ளும் தமிழ்ச் சீர்திருத்தச் சபையும், நந்தியாலின் புண்ணியத்தில் கணக்கை முடித்துக்கொள்கின்றன.

‘முதல்’ என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. வரிசையின் தொடக்கம் ஒன்று. கடைக்காரர் போடும் மூலதனம் மற்றொன்று. நாம் புஷ்பலலிதாவை முதற்பொருளில் பேசி, இரண்டாம் பொருளில் பயன்படுத்துகிறோம். அவருடைய பெயரை வங்கியிற் போட்டு ஆண்டுதோறும் வட்டி எடுத்துச் செலவழிக்கிறோம். மகளிர் தினத்தன்று கொஞ்சம், வெளிநாட்டு விருந்தினர் வந்தால் கொஞ்சம், முல்லாலி செய்தி வந்தால் கொஞ்சம். வரிசைக்கு இரண்டாவது தேவை, மூலதனத்துக்குத் தேவையில்லை.

இது நமக்குப் புதிய நோயன்று. வேறொரு முதல்வரின் கதையைத் திருநெல்வேலிக்காரர்கள் நன்கு அறிவார்கள். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அருட்பொழிவு பெற்றார். தாய்மொழி தமிழ், திருமண்டலம் தெலுங்கு நாட்டு டோர்ணக்கல். அன்று எழுந்த எதிர்ப்புகளை எண்ணிப் பாருங்கள். இந்தியரின் கீழ் ஐரோப்பிய மிஷனரி எவ்வாறு பணியாற்றுவார்? இந்தியக் கிறித்தவர்களே இந்தியரை ஏற்பார்களா? காலம் இன்னும் கனியவில்லையே? அசரியா எல்லா ஐயங்களையும் தம் வாழ்நாளால் முறியடித்தார். இருந்தும் 1945 சனவரி 1 அன்று அவர் மறைந்த நாள் வரை, இந்தியாவின் ஆங்கிலிக்கன் திருமண்டலம் ஒன்றைத் தலைமையேற்று நடத்திய இந்தியர் அவர் ஒருவரே. முப்பத்திரண்டு ஆண்டுகளாக அவர் ‘முதல்வராக’ மட்டுமே வைக்கப்பட்டிருந்தார். இந்தியரை உயர்த்தவில்லையே என்று கேட்டவர்களிடம் ஆங்கிலேயர் டோர்ணக்கலைச் சுட்டிக்காட்ட முடிந்தது. இன்று பெண்களை உயர்த்தவில்லையே என்று கேட்டால் நாம் நந்தியாலைச் சுட்டிக்காட்டுகிறோம். அன்று சுட்டியவன் விரலை நாம் வெறுக்கிறோம். அதே விரல் இன்று நம் கையில் இருக்கிறது.

இனி என் துறைக்கு வருகிறேன். மொழியியல் படித்தவளுக்கு இவ்விவகாரத்தில் தனிப்பட்ட ஓர் உறுத்தல் உண்டு.

தமிழ்ச் சபைகளில் ‘பேராயரம்மா’ என்ற சொல் வழக்கில் இருக்கிறது. கேட்டவுடன் நமக்குத் தோன்றுவது பேராயரின் மனைவி. ‘ஐயரம்மா’ என்றால் சேகரத்து ஐயரின் மனைவி. இவை வெறும் மரியாதைச் சொற்களல்ல, பதவிச் சொற்கள். பல திருமண்டலங்களில் பேராயரின் மனைவியே பெண்கள் ஐக்கிய சங்கத்தின் தலைவி. அதற்கு அவர் தேர்தலில் நிற்க வேண்டியதில்லை, தாலியே தகுதி. அந்தப் பெண்களின் உழைப்பை நான் சிறுமைப்படுத்தவில்லை. பள்ளிகளையும் விடுதிகளையும் கைம்பெண்களுக்கான தொழிற்கூடங்களையும் ஊதியமின்றித் தோளிற் சுமந்தவர்கள் அவர்கள். நான் கேட்பது வேறு: பெண் என்ற வடிவத்தில் திருச்சபை தன் மொழியில் வைத்திருந்த ஒரே நாற்காலியில் ஏற்கெனவே ஒரு மனைவியை அமர்த்திவிட்டது. இப்போது ஒரு பெண் பேராயராகவே வந்தால், அவரை என்னவென்று அழைப்பது?

இது விளையாட்டுக் கேள்வியன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சபைக் கூட்டத்தில் நான் இதைப் பேசியபோது, மூத்தவர் ஒருவர் மிகுந்த கனிவோடு கேட்டார்: “அப்படியானால் அவருடைய கணவரை என்னம்மா சொல்லிக் கூப்பிடுவது? பேராயரய்யா என்றா?” கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை இன்று வெட்கத்தோடு எழுதுகிறேன். ஒரு பெண்ணின் தகுதி பற்றிய கேள்வி, ஓர் ஆணின் சங்கடம் பற்றிய நகைச்சுவையாக அரை நிமிடத்தில் மாறிவிட்டது. மறுப்பதற்கு அங்கே ஒரு வாதம்கூடத் தேவைப்படவில்லை.

ஆனால் தமிழ் மொழி அவர்கள் பக்கம் இல்லை என்பதே என் வாதம். ‘அம்மா’ என்னும் பின்னொட்டைப் பாருங்கள். ‘டாக்டரம்மா’ என்றால் மருத்துவரின் மனைவியா? இல்லை, மருத்துவம் பார்க்கும் பெண்ணே. ‘டீச்சரம்மா’ என்றால் பாடம் சொல்லிக் கொடுப்பவரே. ‘கலெக்டரம்மா’ என்ற சொல் ஒரு காலத்தில் மாவட்ட ஆட்சியர் மாளிகையின் இல்லத்தரசியைக் குறித்திருக்க முடியும். இன்று அது மனுவை வாங்கிக் கையொப்பமிடுபவரைக் குறிக்கிறது. 1951-ஆம் ஆண்டுத் தொகுதியில் இந்திய ஆட்சிப் பணிக்குத் தேர்வான அன்னா இராஜம், பெண்ணுக்குத் தலைமைச் செயலக வேலையே பொருந்தும் என்ற ஆலோசனையை ஏற்காமல், ஓசூரில் சார் ஆட்சியராகக் குதிரையேறிக் கிராமங்களைச் சுற்றினார். அத்தகையோர் வந்த பின்னரே சொல் பொருள் மாறியது. எந்த அகராதிக் குழுவும் கூடி மாற்றவில்லை. ‘ஐயரம்மா’வும் ‘பேராயரம்மா’வும் பழைய பொருளிலேயே உறைந்து கிடப்பதற்குத் தமிழ் இலக்கணம் காரணமன்று. அந்த இருக்கைகள் நிரப்பப்படவில்லை என்பதற்கான சான்றே அச்சொற்கள்.

அதைவிட எளிய உண்மை ஒன்றுண்டு. ‘பேராயர்’ என்பதன் ‘அர்’ ஈறு ஆண்பால் ஈறன்று. ஆசிரியர், மருத்துவர், அமைச்சர், பேராயர் எல்லாம் உயர்திணையின் பொதுவடிவங்கள். “பேராயர் வந்தார்” என்ற தொடரில் வந்தவர் ஆணா பெண்ணா என்று தமிழ் வினைமுற்று சொல்வதில்லை. நாம்தான் ‘பெண் பேராயர்’ என்று அடைமொழி சேர்க்கிறோம். ‘ஆண் பேராயர்’ என்று எவரும் சொல்லக் கேட்டதுண்டா?

நந்தியாலின் மொழியான தெலுங்கு இன்னும் கூர்மையான பாடம் சொல்கிறது. தெலுங்கில் ஆண் வந்தால் ‘வச்சாடு’. பெண் வந்தால் ‘வச்சிந்தி’. இந்த ‘வச்சிந்தி’ மாட்டுக்கும் வண்டிக்கும் உரிய அதே வடிவம். ஒருமையில் பெண்ணுக்கும் அஃறிணைக்கும் ஒரே வினைமுற்று. மரியாதைப் பன்மையில் ‘வச்சாரு’ என்னும்போதுதான் வினைமுற்று அவளை ஆணோடு ஒரே வடிவில் நிறுத்துகிறது. இலக்கண வடிவத்தைக் கொண்டு ஒரு சமூகத்தின் மனத்தை அளக்கலாகாது என்பது எங்கள் துறையின் பாலபாடம். எனவே இதிலிருந்து நான் எந்த முடிவும் கட்டவில்லை. ஆனால் அம்மொழி பேசும் மக்கள், தங்கள் வினைமுற்றின் குறையையும் மீறி, ஒரு பெண்ணுக்கு மரியாதைப் பன்மையும் பேராயர் கோலும் கொடுத்தார்கள். பால் காட்டாத வினைமுற்றைப் பெற்ற நாம் காத்திருக்கிறோம்.

வேதத்தைக் காட்டுபவர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அவர்களை ஏளனம் செய்து கடந்துபோக நான் விரும்பவில்லை. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் மூன்றாம் அதிகாரமே அவர்களுடைய அரண். கிரேக்கத்தின் ‘எபிஸ்கோபோஸ்’ என்பதை நம் பழைய மொழிபெயர்ப்பு ‘கண்காணி’ என்கிறது. தேயிலைத் தோட்டத்துக் கங்காணியும் இதே சொல்லிற் பிறந்தவர்தாம். அப்பதவியை விரும்புவோரைப் பற்றிய முதல் வசனத்தில் கிரேக்க மூலம் ‘டிஸ்’ என்னும் சொல்லை இடுகிறது; அது ஆண், பெண் இருபாலுக்கும் பொதுவானது, ‘யாரேனும்’ எனத்தக்கது. தமிழ் அதை ‘விரும்புகிறவன்’ என்று ஆண்பால் ஈற்றால் அடைத்தது. அடுத்த வசனம் ஒரே மனைவியை உடைய புருஷனைப் பேசுகிறது என்பதை நான் மறைக்கமாட்டேன். அங்கே கிரேக்கமும் ஆணையே சொல்கிறது. ஆனால் அந்த வசனத்தை எழுத்துக்கு எழுத்துச் சட்டமாக எடுத்தால், மணமாகாத ஆணும் பேராயராக முடியாது. மணமாகாத பேராயர்கள் நம் வரலாற்றில் உண்டு. 1939 முதல் திருநெல்வேலியில் இருந்த ஸ்டீபன் நீல் அவர்களுள் ஒருவர். இந்த வசனத்தைக் காட்டி அவர்களுடைய அருட்பொழிவு செல்லாது என்று வாதிடும் குரலை நம் சபைகளில் நான் கேட்டதில்லை. ஆக, ‘மனைவியை உடைய’ என்ற பாதியைத் தளர்த்தி வாசிக்க நமக்குத் தெரியும். ‘புருஷன்’ என்ற பாதியில் மட்டும் எழுத்து இறுகிப்போகிறது.

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பெபேயாள் வருகிறார். பவுல் அவருக்குக் கொடுக்கும் பட்டம் ‘டியாகொனோஸ்’. தீமோத்தேயு நிருபத்தில் சபைப் பதவியாக வரும்போது அதே சொல்லைத் தமிழ் ‘உதவிக்காரர்’ என்று பெயர்த்தது. பெபேயாளிடம் வரும்போது ‘ஊழியக்காரி’ என்றது. பவுலையும் அம்மொழிபெயர்ப்பு வேறிடத்தில் ஊழியக்காரர் என்பதால் இதை அவமதிப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் தமிழில் மட்டும் வேதம் வாசிக்கும் ஒருவருக்கு, அந்த அதிகாரத்துப் பதவியும் இந்தப் பெண்ணின் பட்டமும் ஒரே சொல் என்பது தெரிய வழியில்லை. அவருக்கு ஐயர்மார் அதை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். எத்தனை பிரசங்கங்களில் சொன்னார்கள்?

அடுத்து, “தகுதி இருந்தால் வரட்டும், யார் தடுத்தார்?” என்பவர்கள். பேராயர் ஆவதற்கான தகுதி ஒரு நாளில் முளைப்பதன்று. பெரிய நகரச் சேகரம், திருமண்டலச் செயலர் பொறுப்பு, பொருளாளர் பொறுப்பு, கல்லூரித் தாளாளர் பொறுப்பு ஆகிய படிகளில் ஏறியவர்களின் பெயரே பெருமன்றத்தின் வாயில் வருகிறது. பெண் குருவானவர்களுக்கு நாம் பெரும்பாலும் கொடுப்பது எதை? விடுதி, ஞாயிறு பள்ளி, பெண்கள் பணி, இன்னொருவரின் கீழ் உதவிக் குரு. படிகளை அகற்றிவிட்டு, ஏறவில்லையே என்று கேட்பது நேர்மையா?

பார்பரா ஹாரிஸை நினைவூட்டுகிறேன். உலக ஆங்கிலிக்கன் சமூகத்தின் முதற்பெண் பேராயர். பிலடெல்பியாவின் கறுப்பினப் பெண், நிறுவனமொன்றில் மக்கள் தொடர்புத் துறையில் பணியாற்றியவர், மணமுறிவு பெற்றவர், வழக்கமான முழுநேர இறையியற் கல்லூரி வழியே வராதவர், சிறைச்சாலையில் ஆன்மிகப் பணியாற்றியவர். 1974-இல் பதினொரு பெண்கள் சட்டத்தை மீறிக் குருப்பட்டம் பெற்ற ஆராதனையில் சிலுவை ஏந்தி முன்னே நடந்தவர் அவர். 1988-இல் மாசசூசெட்ஸ் துணைப் பேராயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது வந்த எதிர்ப்புகளில் பால் மட்டுமா இருந்தது? படிப்புப் போதாது, மணமுறிவு பெற்றவர், அரசியல் பேசுபவர் என்றார்கள். கொலை மிரட்டல்கள் வந்தன. 1989 பிப்ரவரி 11 அன்று அருட்பொழிவு ஆராதனைக்குக் குண்டு துளைக்காத மேலாடை அணியுமாறு சொல்லப்பட்டது, அவர் மறுத்தார். ‘தகுதி’ என்ற சொல் யார் வந்தால் நீளும், யார் வந்தால் சுருங்கும் என்பதற்கு அவர் வாழ்க்கையே உரைகல். நம்மூரில் அந்தச் சொல்லுக்குள் சாதியும் உட்கார்ந்திருக்கிறது என்பதை விளக்கத் தேவையில்லை. பெருமன்றத் தேர்தலின் அணிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கடைசியாக, விரக்தியாளர்கள். “பெண் வந்தால் மட்டும் என்ன மாறிவிடும்? அதே சொத்து வழக்கு, அதே தேர்தல் வழக்கு, அதே உயர் நீதிமன்றப் படிக்கட்டு.” இவர்களுடைய வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் பெண் வந்தால் திருச்சபை தூய்மையாகிவிடும் என்று நான் சொல்லவேயில்லை. தூய்மைப்படுத்துவதாக உறுதி அளித்தால்தான் நாற்காலி என்ற நிபந்தனையை எந்த ஆணுக்கும் நாம் விதித்ததில்லை. சராசரியான ஆண்கள் பலர் பேராயராகி, சராசரியாகவே பணியாற்றி, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றிருக்கிறார்கள். சராசரியான ஒரு பெண்ணும் அவ்வாறே பணியாற்றி ஓய்வுபெறும் நாளில்தான் நீதி நிலைத்தது என்று சொல்லலாம். பெண்ணிடம் மட்டும் புனிதத்தைக் கேட்பது மரியாதை போலத் தோன்றும் மறுப்பு.

வட இந்தியத் திருச்சபை 2024-இல் ஒடிசாவின் பூல்பாணித் திருமண்டலத்துக்கு வயலட் நாயக்கைப் பேராயராக்கியது. 2008-இல் கலவரத் தீயில் எரிந்த கந்தமால் மாவட்டத்தின் தலைநகர் பூல்பாணி. நந்தியாலும் பூல்பாணியும் செல்வாக்கு மிக்க ஊர்களல்ல. பெரிய கல்லூரிகளும் கோடிச் சொத்துகளும் குவிந்த திருமண்டலங்களல்ல. ஏழைத் திருமண்டலங்கள் செய்ய முடிந்ததைச் சொத்துள்ள திருமண்டலங்கள் ஏன் செய்யவில்லை? கேள்வியிலேயே விடையும் இருக்கிறது என்று அஞ்சுகிறேன்.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. பெண் குருவானவர்களுக்குச் செயலர், பொருளாளர், பெருஞ்சேகரப் பொறுப்புகளை இப்போதே கொடுங்கள். பேராயர் தேர்வுக்குப் பரிசீலிக்கப்பட்ட பெயர்களையும் வாக்குகளையும் ஒவ்வொரு பெருமன்றமும் வெளியிடட்டும். மறுப்பதாக இருந்தால் பெயர் சொல்லி மறுக்கட்டும். பெண்கள் ஐக்கிய சங்கத் தலைமையைத் தேர்தலால் நிரப்புங்கள். மனைவி என்பதற்காக ஒருவர் மேல் சுமத்தாதீர்கள், மனைவி என்பதற்காக ஒருவருக்குக் கொடுக்கவும் செய்யாதீர்கள்.

இவை நடக்கும்வரை, முல்லாலியைப் பற்றிய செய்தியின் கீழே வந்து “நாங்கள் 2013-இலேயே...” என்று தொடங்கும் அன்பர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். இரண்டாமவர் யார்?

அந்த இரண்டாமவர் பாளையங்கோட்டையிலோ நாகர்கோவிலிலோ மதுரையிலோ ஒரு நாள் கோல் ஏந்தி நிற்பார். அன்று, பின்வரிசையில் நிற்கும் ஒரு சிறுமி தன் பாட்டியிடம் “அது யார்?” என்று கேட்பாள். பாட்டி பழைய பழக்கத்தில் “பேராயரம்மா” என்றே சொல்லட்டும். சொல் அதுவாகவே இருக்கட்டும், பொருள் மாறியிருக்கும்.